பசுந்தேயிலை: ஆதார விலையா, கிலோ மானியமா?

பறித்த பச்சை இலைக்கு இதற்குக் கீழே போகாத விலை (ஆதார விலை) கேட்பதா, கிலோவுக்கு இவ்வளவு என்று அரசு தரும் மானியம் கேட்பதா? நீலகிரி சிறு தேயிலை விவசாயிகள் மனு எழுதும்போதெல்லாம் வரும் குழப்பம் இது.

யாரிடம் கேட்பது?
ஆதார விலை: டெல்லியிடம். தேயிலைச் சட்டம் 1953 மத்திய அரசின் சட்டம், எம்.பி. பேச வேண்டும்.
மானியம்: மாநில அரசிடம். எம்.எல்.ஏ. சட்டமன்றத்தில் கேட்கலாம்.

யாருக்குக் கிடைக்கும்?
ஆதார விலை: தனியார் தொழிற்சாலைக்கு இலை போடுபவருக்கும்.
மானியம்: முன்பு தந்த கிலோவுக்கு 2 ரூபாய், இன்கோசர்வ் (கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளின் இணையம்) உறுப்பினர்களுக்கு மட்டும்தான்.

நடைமுறை?
ஆதார விலைதான் சிக்கல். பறித்த இலையை அன்றைக்கே தொழிற்சாலையில் சேர்க்க வேண்டும். சாக்கில் அடைத்து வைத்தால் சூடேறிக் கெட்டுவிடும். நெல்லைப் போல அரசு வாங்கிக் கிடங்கில் போட முடியாது. ஆகவே விலையைத் தொழிற்சாலைதான் தர வேண்டும். இப்போதைய விலைப் பகிர்வு முறை, அதாவது தூள் விற்ற பணத்தைத் தொழிற்சாலையும் விவசாயியும் பங்கிடுவது, தேயிலைத் தூள் ஏலத்தை ஒட்டியே போகிறது. குன்னூர் ஏலம் சரிந்தால் இலை விலையும் சரியும்.
மானியம்: வங்கிக் கணக்கில் போட்டால் முடிந்தது. ஆனால் அடுத்த பட்ஜெட்டில் இருக்குமா?

இந்த சீசனுக்கு உரக்கடன் அடைக்க வேண்டும் என்றால் எம்.எல்.ஏ.விடம் மானியம் கேளுங்கள், தனியாருக்கு இலை போடுபவரையும் சேர்க்கச் சொல்லி. தோட்டத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுப்போக நினைப்பவருக்கு ஆதார விலைதான் சரி.