ஃப்ராங்ஸ் 1.2: நான்குவழிச் சாலையில் போதும், மற்ற சாலைகளில்?

"ஹைவேயில இழுக்குமா?" மாருதியின் ஃப்ராங்ஸ் 1.2 கார் வைத்திருக்கிறேன் என்று சொன்னதும் அடுத்து வரும் கேள்வி இதுதான். வாங்குவதற்கு முன் நானும் பலரிடம் இதையே கேட்டேன். "தாராளமா இழுக்கும்" என்றவர்களும் உண்டு, "டர்போ இல்லாம எடுக்காதீங்க" என்றவர்களும் உண்டு. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். எந்தச் சாலையில், எத்தனை பேரோடு, எந்த மாதத்தில் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. தாம்பரத்தில் வீடு, நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர், மனைவிக்குக் கம்பம். அதனால் இந்த வண்டி எல்லா விதமான சாலையையும் பார்த்துவிட்டது.

முதலில் வண்டி பற்றிச் சுருக்கமாக. மாருதி 2023 ஏப்ரலில் ஃப்ராங்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. என்னிடம் இருப்பது 1197 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ (காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத பெட்ரோல் என்ஜின், ஐந்து கியர் மேனுவல். சுமார் 90 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது சுழற்றும் விசை. அந்த டார்க் முழுதாகக் கிடைப்பது 4400 ஆர்பிஎம்மில் (என்ஜின் நிமிடத்துக்கு 4400 முறை சுற்றும்போது) என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்லப்போகிற எல்லாமே அதைச் சுற்றித்தான். இதே வண்டியின் 1.0 லிட்டர் டர்போவில் 100 குதிரைத்திறன், 148 நியூட்டன் மீட்டர். அதன் டார்க் 2000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். காகிதத்தில் பத்து குதிரைதான் வித்தியாசம் என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். டார்க் எந்த ஆர்பிஎம்மில் கைக்கு வருகிறது என்பதில்தான் இரண்டும் வேறு வண்டிகளாகின்றன.

இதே ஃப்ராங்ஸ் ஜப்பானிலும் தென்னாப்பிரிக்காவிலும் 1.5 லிட்டர் என்ஜினோடு விற்கிறது. ஜப்பானுக்குப் போவதும் இந்தியாவில் தயாராகும் வண்டிதான். நமக்கு 1.2 கிடைப்பதற்குக் காரணம் வரி. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் என்ஜின், இந்த இரண்டும் இருந்தால்தான் சிறிய கார் என்று குறைந்த வரி. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மாறியபோதும் இந்த வரம்பு அப்படியே இருந்தது. உள்ளே இருந்தால் 18 சதவீதம், தாண்டினால் 40. மாருதியின் பிரெஸ்ஸாவும் நான்கு மீட்டருக்குள் இருக்கும் வண்டிதான், ஆனால் அதன் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் அதை மேல் வரிக்குத் தள்ளிவிடுகிறது. ஆக, இந்த அளவு வண்டிக்கு 1.2 போதும் என்பது என்ஜினியர்கள் மட்டும் எடுத்த முடிவு இல்லை. அதனால்தான் "போதுமா" என்ற கேள்வியை நாமே சாலையில் ஓட்டிப் பார்த்துத் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, சாலைக்கு வருவோம். செங்கல்பட்டு தாண்டி திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி என்று போகும் நான்குவழிச் சாலையில் இந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. உறுதியாகவே சொல்கிறேன். சமதரையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் இப்படி ஒரு வண்டியை நிலையாக ஓட்ட ஏறத்தாழ 20 குதிரைத்திறன் போதும். காற்றின் எதிர்ப்பையும் டயரின் உராய்வையும் கூட்டிக் கணக்குப் போட்டால் அவ்வளவுதான் வருகிறது. மீதி 70 சும்மா இருக்கிறது. ஐந்தாம் கியரில் ஆர்பிஎம் மூவாயிரத்தை ஒட்டி நிற்கும், என்ஜின் சத்தம் பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்காது. 100-க்கு மேல் போகும்போதுதான் செலவு ஏறுகிறது. வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகவும், அதைத் தள்ளத் தேவைப்படும் திறன் வேகத்தின் கனமாகவும் (மூன்றாம் அடுக்காகவும்) ஏறும். 120-இல் தேவை 30 குதிரையைத் தொட்டுவிடும். என் வண்டியில் 90-இல் நிதானமாகப் போனால் லிட்டருக்கு 20-ஐ ஒட்டிக் கிடைப்பது, 110-இல் விரட்டினால் 16, 17-க்கு இறங்கிவிடுகிறது. நம் சாலைப் பலகைகளில் இருக்கும் வேகத்துக்குள் ஓட்டுகிறவருக்கு நான்குவழிச் சாலையில் டர்போ தேவையே இல்லை.

ஒரே இடத்தில் கவனம் வேண்டும். லாரி ஒன்று வலது லேனுக்கு வந்து நம்மை 60-க்கு இறக்கிவிடும், பிறகு வழி விடும். அப்போது ஐந்தாம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி மெதுவாகத்தான் வேகம் எடுக்கும், பின்னால் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கும். மூன்றாம் கியருக்கு இறக்க வேண்டும். "பிக்கப் இல்லை" என்று சொல்கிற பலர் டாப் கியரை விட்டு இறங்காமல் ஓட்டுகிறவர்கள் என்பது என் எண்ணம். டீசல் வண்டியிலிருந்து மாறி வருகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வரக் கொஞ்ச நாள் ஆகும்.

இனி காற்று. கார் விமர்சனங்களில் இதைப் பற்றி நான் படித்ததே இல்லை, எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் புகுந்து அடிக்கும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். வள்ளியூர் பக்கம் காற்று பக்கவாட்டில் அடிக்கும், உயரமான வண்டி என்பதால் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ள வேண்டும். காவல்கிணறு தாண்டி மேற்கே திரும்பியதும் அதே காற்று முகத்தில் அடிக்கும். எதிர்க்காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் 100-இல் போனால் வண்டிக்கு அது 140-இல் போவது மாதிரிதான். காற்றின் எதிர்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதுவரை லேசாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் ஆகிவிடும். ஐந்தாம் கியரில் 100-ஐப் பிடித்து வைப்பது சிரமம், சில நேரம் நான்குக்கு இறக்க வேண்டியிருக்கும். முதல் ஆடியில் எனக்கு டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று சந்தேகம் வந்து ஓரம் கட்டிப் பார்த்தேன். டயர் நன்றாகத்தான் இருந்தது. இந்த இடத்தில் 80-இல் போய்விடுவது நல்லது. பல்லடம், உடுமலை, பொள்ளாச்சி பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றிலும் இதே நிலைதான்.

உண்மையான சோதனை இருவழிச் சாலை. தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகக் குமுளி போகும் சாலை எனக்கு நன்கு பழக்கம். வாழைத்தார் லாரி, அரசுப் பேருந்து, ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் எல்லாம் ஒரே சாலையில். இங்கே ஓவர்டேக் செய்வதுதான் பிரச்சினை, 100-இல் போவது இல்லை. 60-இல் போகும் பேருந்தைத் தாண்டி முடிக்க நமக்குப் பத்து விநாடி ஆகிறது என்று வைப்போம். அந்தப் பத்து விநாடியில் நாம் 200 மீட்டருக்கு மேல் போயிருப்போம், எதிரே 80-இல் வருகிற வண்டியும் 200 மீட்டருக்கு மேல் வந்திருக்கும். அதாவது முன்னால் கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் காலியாகத் தெரிந்தால்தான் இறங்கலாம். எட்டே விநாடியில் தாண்ட முடிகிற வண்டிக்கு 85 மீட்டர் குறைவாகத் தெரிந்தாலும் போதும். என்ஜினின் பலம் உயிரைக் காப்பது இந்த 85 மீட்டரில்தான். குடும்பத்தோடு போகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தனியாகவோ இரண்டு பேராகவோ போகும்போது மூன்றாம் கியரில் இந்த என்ஜின் நன்றாகவே தாண்டும். 80-இல் மூன்றாம் கியர் என்றால் ஆர்பிஎம் நான்காயிரத்துக்குப் பக்கத்தில் இருக்கும், டார்க் முழுதாகக் கிடைக்கும் இடம். சத்தம் வரும், வரட்டும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து நான்காம் கியரில் ஓவர்டேக் செய்வதுதான் ஆபத்து. ஆனால் ஐந்து பேர், டிக்கி நிறைய சாமான், ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் வண்டி வேறு. 970 கிலோ எடையுள்ள வண்டியின் மேல் இன்னும் 350, 400 கிலோ ஏறுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடினால் வேகமெடுப்பதும் அந்த அளவுக்குத் தளரும். முழுச் சுமையில் நான் இந்தச் சாலையில் பேருந்துக்குப் பின்னாலேயே போய்விடுகிறேன், இல்லாவிட்டால் நீளமான நேர்ச்சாலை வரும்வரை காத்திருக்கிறேன். கம்பத்துக்குப் பத்து நிமிடம் தாமதமாகப் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. ஏஎம்டி (கிளட்ச் மிதிக்காமல் வண்டியே கியர் மாற்றிக்கொள்ளும் வகை) எடுக்க நினைப்பவர்களுக்கு ஒன்று: கியர் மாறும்போது ஒரு கணம் இழுவை விட்டுப்போகும். ஓவர்டேக்குக்கு முன்பே மேனுவல் மோடில் கியரை இறக்கி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

மலைக்கு வந்தால் இன்னொரு கணக்கு. டர்போ இல்லாத என்ஜின் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் பத்து சதவீதம் அளவுக்குத் திறனை இழக்கும், காற்று மெலிந்துபோவதால். கொடைக்கானல் 2100 மீட்டர். அங்கே போய்ச் சேரும்போது நம் 90 குதிரை 70-க்குச் சற்று மேல்தான். வத்தலக்குண்டிலிருந்து ஏறும்போது இரண்டாம் கியரும் மூன்றாம் கியருமாக நான்கு பேரோடு சிரமமில்லாமல் ஏறியிருக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் முன்னால் போகும் பேருந்து நின்றுவிட்டால், முழுச் சுமையில் முதல் கியர் போட்டுத்தான் கிளப்ப வேண்டும். ஏறாமல் நின்றது என்று ஒருநாளும் இல்லை, அவசரப்பட முடியாது, அவ்வளவுதான். டர்போ என்ஜின் மெலிந்த காற்றையும் அமுக்கி உள்ளே தள்ளிவிடுவதால் இந்த இழப்பு அதற்குப் பெரிதாகத் தெரியாது. மலையில்தான் அந்த வித்தியாசத்தை என் மைத்துனரின் டர்போ வண்டியை ஓட்டிப் பார்த்துத் தெளிவாக உணர்ந்தேன். மூன்றாம் கியரிலேயே வளைவை விட்டு வெளியே வந்தது. அதே வண்டியை உசிலம்பட்டி பக்கம் சமதரையில் ஓட்டியபோது என் வண்டிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை.

அதனால் என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது அவர்கள் ஊரைத்தான். சென்னையிலிருந்து திருச்சி, மதுரை, சேலம் என்று நான்குவழியில் போய் வருகிறவர், வண்டியில் பெரும்பாலும் இரண்டு மூன்று பேர் என்றால் 1.2 மேனுவல் எடுங்கள், மிச்சமாகும் பணத்தைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ வால்பாறையிலோ சொந்தக்காரர்கள் இருந்தால், மாதாமாதம் ஐந்து பேரோடு ஏறி இறங்க வேண்டும் என்றால், கூடுதல் பணம் கொடுத்து டர்போவையே எடுத்துவிடுங்கள். டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூமிலிருந்து தனியாகப் போகாதீர்கள். வீட்டில் இருப்பவர்களை ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உள்ள மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் 40-இலிருந்து 80 வரை ஒரே மிதியில் போய்ப் பாருங்கள். ஷோரூம்காரர் வேண்டாம் என்றாலும் கேட்டு வாங்குங்கள்.