லினக்ஸ் கணினியில் விண்டோஸ் நிரலாக்கக் கருவிகள்: ஒரு பம்புசெட் பட்டறையின் அனுபவம்

மன்னார்குடியில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. போர் மோட்டாருக்கான ஆட்டோ ஸ்டார்ட்டர், போனில் ரிங் விட்டால் மோட்டாரைப் போடும் மொபைல் ஸ்டார்ட்டர், தண்ணீர் கீழே இறங்கினால் மோட்டாரை நிறுத்தும் டிரை ரன் கார்டு, இதெல்லாம்தான் தொழில். டெல்டாவில் மும்முனை மின்சாரம் பல நேரம் நடுராத்திரியில்தான் வரும். கொட்டகைக்கு யார் போய் சுவிட்சைப் போடுவது? அதனால் குறுவை தொடங்கினால் எங்களுக்கு வேலை குவியும்.

இந்தப் போர்டுகளில் பழையவை எல்லாம் 89எஸ்52 என்ற குட்டிக் கணினிச் சிப்பில் ஓடுபவை. 8 கேபி ஃபிளாஷ், 256 பைட் ரேம், அவ்வளவுதான். அதற்கான கோட், அதாவது நிரல், எழுதியது கீல் சி51 கம்பைலரில். எழுதியதைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றுவதுதான் கம்பைலர். அது விண்டோஸுக்கு மட்டும் உள்ளது. கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டு வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றைக்கும் அந்தப் பழைய கோடைத் திறந்து திருத்தி, சிப்பில் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறேன்.

லினக்ஸுக்கு வந்ததற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை, ஒரு வயர்தான் காரணம். கணினியைப் போர்டோடு இணைக்கப் பட்டறையில் இருந்த பழைய யூஎஸ்பி-சீரியல் வயர்களுக்குள் உள்ள சிப்பைப் புதிய விண்டோஸ் டிரைவர் ஏற்க மறுத்தது. அதே வயரை லினக்ஸில் செருகினால் டிரைவர் எதுவும் தேடாமல் வேலை செய்கிறது, ஏனென்றால் இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிலேயே அது இருக்கிறது. பத்து வயரைத் தூக்கி எறிவதைவிட இயங்குதளத்தை மாற்றுவது மலிவாகப்பட்டது.

கம்பைலரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைனில் அது ஓடுகிறது. வைன் என்பது விண்டோஸ் நிரல் கேட்பதை லினக்ஸுக்குப் புரியும்படி உடனுக்குடன் சொல்லும் துபாஷி. 1993-ல் தொடங்கிய திட்டம், 1.0 பதிப்பு 2008-ல்தான் வந்தது. அவ்வளவு காலம் பொறுமையாக உட்கார்ந்தவர்கள் செய்ததால்தானோ என்னவோ, பழைய நிரல்கள் இதில் ரொம்ப ஒழுங்காக ஓடுகின்றன. கீலின் ஜன்னல் திரையை நான் இப்போது திறப்பதே அரிது. எடிட்டர் லினக்ஸினுடையது. கட்டளைகளை எழுதிவைத்த மேக் ஃபைல் ஒன்று வைன் வழியாகக் கம்பைலர், துண்டுகளை இணைக்கும் லிங்கர், சிப்பில் ஏற்றும் வடிவாக்கும் ஹெக்ஸ் மாற்றி மூன்றையும் வரிசையாகக் கூப்பிடும். ஒவ்வொரு நாளும் முதல் தடவை வைன் எழுந்திருக்கச் சில நொடி ஆகும். அதன்பிறகு விண்டோஸில் இருந்த வேகத்துக்குக் குறைவில்லை.

உண்மையான வேலை, கணினி வெளிக் கருவியோடு பேசும் வாசலான சீரியல் போர்ட்டில்தான். இதை விரிவாகவே எழுதுகிறேன், புதிதாக வருபவர்கள் சலித்துப்போய் விண்டோஸுக்குத் திரும்புவது இந்த இடத்தில்தான். முதலில், உங்கள் பயனர் கணக்கு 'டயல்அவுட்' குழுவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போர்ட் கண்ணுக்குத் தெரியும், திறக்காது. இரண்டாவது, வைன் யூஎஸ்பி வயருக்குக் கொடுக்கும் போர்ட் எண் காம்33. முதல் முப்பத்திரண்டு எண்களைக் கணினியின் சொந்தப் போர்ட்டுகளுக்கு ஒதுக்கிவிடுகிறது. பழைய விண்டோஸ் நிரல்கள் பலவற்றில் காம்1 முதல் காம்8 அல்லது 9 வரைதான் பட்டியலே இருக்கும், 33-ஐ எங்கே போய்த் தேர்ந்தெடுப்பது? வைன் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'போர்ட்ஸ்' என்ற இடத்தில் காம்1 என்றால் இந்த யூஎஸ்பி வயர் என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. வயரை எந்தத் துளையில் செருகினாலும் ஒரே பெயர் வரும்படி, லினக்ஸில் கருவிகளுக்குப் பெயர் வைக்கும் யூடெவ்வுக்கு விதி ஒன்றும் எழுதிவைத்தால் இன்னும் நிம்மதி.

மூன்றாவது வேடிக்கையானது. லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டு 22.04-க்கு மாறியவர்கள் பலருக்கு சிஹெச்340 சிப் உள்ள வயர் செருகிய ஒரு நொடியில் காணாமல் போயிருக்கும். பார்வையற்றோருக்கான பிரெய்ல் கருவியை இயக்கும் சேவை ஒன்று, இந்த வயரின் அடையாள எண்ணைப் பார்த்துத் தன் கருவி என்று எடுத்துக்கொள்கிறது. பிரெய்ல் கருவி வைத்திருக்காதவர்கள் அந்தச் சேவையை நீக்கிவிடலாம்.

சிப்பில் ஏற்றுவதற்கு வைனே தேவையில்லை. யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் என்ற குட்டிக் கருவியும், லினக்ஸில் ஏவிஆர்டியூட் என்ற ஏற்றும் மென்பொருளும் போதும், 89எஸ்52-ஐ அதற்குத் தெரியும்.

இந்தப் பழைய கோடை ஏன் இன்னும் கட்டிக்கொண்டு அழ வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. போன குறுவைக்குக் கோட்டூர் பக்கத்திலிருந்து ஒரு போன்.

"தம்பி, சிம்மை மாத்துனதுலேருந்து ரிங் விட்டா மோட்டாரு எடுக்க மாட்டேங்குது."

"போர்டைக் கழட்டி எடுத்துட்டு வாங்கண்ணே, உள்ள இருக்குற மாடூலை மாத்தித் தர்றேன்."

பழைய போர்டில் சிம் போட்டு அழைப்பை வாங்கும் பகுதி 2ஜி மாடூல். அவர் மாற்றியது 2ஜி சேவையே இல்லாத நிறுவனத்தின் சிம். 4ஜி மாடூல் போட்டால் அழைப்பு வருவதைத் தெரிவிக்கும் விதம் கொஞ்சம் மாறும், அதற்குக் கோடில் சில வரி திருத்த வேண்டும். போர்டு வயலில் இருக்கும்வரை கம்பைலரும் என்னிடம் இருந்தாக வேண்டும்.

திறந்த மூலக் கம்பைலரான எஸ்டிசிசிக்கு மாறலாமே என்றால், முயன்று பார்த்தேன். பிட், இன்டரப்ட் இவற்றை எழுதும் முறை வேறு, அதை மாற்றிவிடலாம். ஆனால் கீலில் 8 கேபிக்குள் அடங்கிய என் கோட் இதில் வெளியே வழிந்தது. புதிதாகச் சின்னதாக எழுதுபவர்களுக்கு எஸ்டிசிசியையே சொல்வேன், என் பழைய சரக்குக்கு அது சரிப்படவில்லை.

தமிழ் விஷயத்துக்கு வருகிறேன். விண்டோஸின் பழைய ஒரு பைட் எழுத்து முறையில் தமிழுக்கு இடமே கிடையாது. யூனிகோட் அறியாத பழைய எடிட்டரில் தமிழில் குறிப்பு எழுதிச் சேமித்தால் வெறும் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். இது வைனின் குறையல்ல, விண்டோஸிலும் அதே கதிதான். லினக்ஸ் எடிட்டரில் எழுதி வைன் கம்பைலருக்குக் கொடுக்கும் என் முறையில், குறிப்புகள் தமிழில் இருந்தாலும் கம்பைலர் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. போர்டின் எல்சிடியில் தமிழ் வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்த 16 எழுத்து இரண்டு வரித் திரையில் நாமாக வரைந்து போடக்கூடிய எழுத்துகள் ஒரே நேரத்தில் எட்டுதான். எட்டுக்குள் 'மோட்டார்', 'தண்ணீர்' எல்லாவற்றையும் அடக்குவது தனிக்கலை. அதை வரைய நான் பயன்படுத்தும் குட்டி நிரல் விஷுவல் பேசிக் 6-ல் செய்தது, வைன்ட்ரிக்ஸ் என்ற துணைக் கருவி வழியாக, அது ஓடத் தேவையான ரன்டைமைப் போட்டதும் ஓடிவிட்டது.

வைன் கைவிடும் இடம் எது என்று கேட்டால், சொந்த டிரைவரோடு வரும் யூஎஸ்பி கருவி. கோடில் பிழை தேடும் டீபக்கர், மென்பொருள் ஓட உரிமம் காட்டும் லைசென்ஸ் டாங்கிள் இவையெல்லாம் விண்டோஸ் கர்னலைத் தொட்டுப் பேசுபவை, வைனில் அந்தக் கர்னலே இல்லை. விஷுவல் ஸ்டுடியோ மாதிரியான பெரிய கருவிகளையும் வைனில் நிறுவ மல்லுக்கட்டாதீர்கள். இவற்றுக்கு, லினக்ஸுக்குள்ளேயே தனிக் கணினி போல ஓடும் ஒரு விண்டோஸ் 10 விர்ச்சுவல் மெஷினைக் கேவிஎம் என்ற லினக்ஸ் வசதியில் வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அதனால் அந்த மெஷினுக்கு இணையம் கிடையாது, ஃபைல் போக வர ஒரு பகிர்வு ஃபோல்டர் மட்டும். 8 ஜிபி ரேமில் பாதியை அது தின்றுவிடும். முன்பு வேறொரு விர்ச்சுவல் மென்பொருள் வைத்திருந்தேன், கர்னல் அப்டேட் வந்தால், கர்னலோடு ஒட்டும் அதன் பகுதி ஏறாமல் படுத்துக்கொள்ளும், அறுவடை நேரத்தில் அது ஆகாது.

அறுவடை நேரம் என்றேன், அப்போது பட்டறைக்கு வேறு வேலை வரும். நீடாமங்கலம் பக்கத்து ரைஸ் மில்களில் டிரையர், எலிவேட்டர் இவற்றை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியான பிஎல்சி பார்ப்பது. மடிக்கணினியை மில்லுக்கே எடுத்துப் போவேன். சீரியலில் 9600 வேகம், 7 பிட், ஈவன் பாரிட்டி என்று பேசும் பழைய பிஎல்சி என்றால், காம்1 வரியை எழுதியதும் அதற்கு நிரல் எழுதும் லேடர் மென்பொருள் வைனிலேயே படிக்கும், எழுதும். பின்னணியில் தொடர்புக்கென்று தனிச் சேவை ஓடவேண்டிய புதிய மென்பொருள்களை வைனில் நம்ப மாட்டேன், அவை நேரே விர்ச்சுவல் மெஷினுக்குள். ஓடும் மில்லை நிறுத்திவிட்டு, தவிடு பறக்கும் இடத்தில் நின்று ரெஜிஸ்ட்ரி திருத்துவது என் வயதுக்கு ஒத்துவராது.

ஒரு வேலைக்கு ஒரு வைன் பிரிஃபிக்ஸ் வைத்துக்கொள்வது நல்லது. அது வெறும் ஃபோல்டர்தான். கம்பைலர், ரெஜிஸ்ட்ரி, போர்ட் வரி எல்லாம் அதற்குள் இருக்கும், மொத்தமாக ஒரு டார் ஃபைலாகக் கட்டி வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டுவிடலாம். கணினி மாறும்போது பிரித்தால் பெரும்பாலும் அப்படியே எழுந்து ஓடும். விண்டோஸில் நிறுவிய கருவியை இப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. நிறுவும் அசல் எக்ஸ்இ ஃபைலையும் கோடோடு சேர்த்து வையுங்கள். பழைய பதிப்புகளைத் தயாரிப்பாளர்கள் எப்போது வேண்டுமானாலும் தளத்திலிருந்து எடுத்துவிடுவார்கள்.

புதிய போர்டுகளை இஎஸ்பி32 என்ற சிப்புக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அதன் கருவிகள் லினக்ஸில் நேரடியாகவே ஓடுகின்றன, விலையும் கட்டுப்படியாகிறது. கொட்டகைச் சூட்டையும், சீசனில் ஏறி இறங்கும் வோல்டேஜையும் அது எப்படித் தாங்குகிறது என்பதை இந்தத் தாளடி முடிந்தபிறகு எழுதுகிறேன்.