இரண்டு துண்டு கொலாஸ்டமி பை: பயன்படுத்தி வருபவனின் கருத்து

குடல் முறுக்கிக்கொண்டு அவசர ஆபரேஷன் ஆனது. கெட்டுப்போன பகுதியை வெட்டியெடுத்துவிட்டு, குடல் முனையை இடப்பக்க வயிற்றில் வெளியே வைத்துத் தைத்தார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஹார்ட்மன் ஆபரேஷன் என்று போட்டிருந்தது. அதன் வழியாக வரும் மலத்தைப் பிடிக்க, ஒட்டும் தட்டும் பையும் சேர்ந்தே இருக்கும் ஒரே துண்டுப் பையோடு வீட்டுக்கு வந்தேன். பாளையங்கோட்டை வெயிலில் கடையில் நின்றால் மத்தியானத்துக்குள் ஓரம் கிளம்பிவிடும். தினமும் பிய்த்துப் பிய்த்து ஒட்டியதில் சுற்றுத்தோல் ரணமாகி, தண்ணீர் பட்டாலே எரியும். அப்போதெல்லாம் டாக்டரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, "எப்ப சார் குடலைத் திரும்ப உள்ள வைப்பீங்க?"

ஸ்டோமாவை, அதாவது வயிற்றில் வெளியே வைத்த குடல் வாயைக் கவனிக்கும் நர்ஸம்மாதான், "அண்ணாச்சி, முதல்ல பையை மாத்துங்க, ஆபரேஷனைப் பிறகு யோசிப்போம்" என்றார். அப்படி வந்ததுதான் இந்தக் கன்வாடெக் கம்பெனியின் இரண்டு துண்டு வகை. தோலில் ஒட்டும் தட்டு தனி, பை தனி. தட்டு மூன்று நாள் வரை அப்படியே இருக்கிறது. பையை மட்டும் கழற்றி மாற்றலாம். சம்படத்து மூடி போல, வளையத்தைச் சுற்றி விரலால் அமுக்கினால் 'டப்' என்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்டால்தான் நான் வெளியே கிளம்புவேன்.

தட்டின் துளையை ஸ்டோமாவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக வெட்ட வேண்டும். ஆபரேஷனுக்குப் பிறகு ஆறு, எட்டு வாரத்தில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும், அதனால் திரும்ப அளக்க வேண்டும். ஒட்டும் இடத்தில் தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் கூடாது. ஒட்டியபின் ஒரு நிமிடம் உள்ளங்கைச் சூட்டில் அமுக்கிப் பிடியுங்கள். எனக்கு ரணம் ஆறியது இந்தப் பழக்கங்களால்தான்.

தோல் ஆறியபின் டாக்டர் சொன்னது காதில் ஏறியது. குடலை முழுதாகத் துண்டிக்காமல் வளைத்து வெளியே வைக்கும் லூப் வகை என்றால், திரும்பச் சேர்ப்பது ஓரளவு சுலபம். என்னுடையதில் வயிற்றை மறுபடி திறந்து, ஒட்டிக்கிடக்கும் குடலைப் பிரித்து, கீழே மூடி வைத்த மலக்குடலோடு இணைக்க வேண்டும். இணைத்த இடம் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. சிலருக்குச் சிறுகுடலில் தற்காலிகமாக இன்னொரு பை வைக்க நேரும். சேர்த்த பிறகும் கொஞ்ச காலம் அடிக்கடி, அவசரமாக வரும். எனக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவும் கூடுதல்.

என் மனைவி, "வலியில்லாம கடைக்குப் போறீங்களே, இப்ப எதுக்குங்க அவசரம்?" என்றாள். சர்க்கரை கட்டுக்குள் வரட்டும், கீழ்க்குடலை ஸ்கோப் போட்டுப் பார்க்கட்டும், அதுவரை ஆபரேஷன் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வயதில் இளையவர்கள், உடம்பில் வேறு நோய் இல்லாதவர்கள் வேறு முடிவெடுக்கலாம், அது நியாயம்தான். ஆனால் பை படுத்தும் பாட்டுக்காக மட்டும் கத்திக்குப் போகாதீர்கள், அதற்கு நல்ல பை இருக்கிறது.

குறை என்றால் விலைதான். மாதாமாதம் வரும் செலவு, ஒரே துண்டைவிடக் கூடுதல். வளையம் தடிப்பாக இருப்பதால் இறுக்கமான சட்டையில் தெரியும். நான் வேட்டியைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டுகிறேன். வாங்கும்போது தட்டிலும் பையிலும் ஒரே வளைய அளவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 57 தட்டில் 45 பை மாட்டாது. வேறு கம்பெனிப் பையும் இதில் உட்காராது.