பச்சைக்கல் சுவருக்கு வாளிச் சுண்ணாம்பு: வாங்கலாமா?

நீற்றி, வடித்து, மாதக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்புக் களியை 20 லிட்டர் வாளியில் அடைத்து விற்கிறார்கள். புதுச்சேரியில் மரபுக் கட்டட வேலைக்குச் சரக்கு தரும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். மூட்டைப் பவுடரைவிட விலை கூடுதல். கடலூர், பாகூர் பக்கம் பழைய பச்சைக்கல் (சுடாத மண்கல்) வீடு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் தகும், ஆனால் சுவரின் மேல்பகுதிக்குத்தான். கீழ் மூன்றடிக்கு இது மருந்தாகாது.

மூடியைத் திறந்ததும் களிக்கு மேல் இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்க வேண்டும். காற்று படாமல் காப்பது அதுதான். தண்ணீர் வற்றி மேலே ஓடு கட்டியிருந்தால் அது செத்த சுண்ணாம்பு. ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். நல்ல களி லிட்டருக்கு 1.35 முதல் 1.45 கிலோ நிற்கும், அதாவது வாளிக்கு 27 முதல் 29 கிலோ. தராசு 24 காட்டினால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறீர்கள். 32-ஐத் தாண்டினால் மணலோ கல்மாவோ கலந்திருக்கிறது. விரலில் நறநறத்தால் நீறாத கட்டிகள் உண்டு. அவை சுவரேறிய பிறகு ஈரம் குடித்து உப்பி, பூச்சைக் குழிகுழியாகப் பொரித்துத் தள்ளும். எதற்கும் கொசுவலைத் துணியில் ஒருமுறை வடித்துவிடுங்கள்.

களி ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு, மூன்று பங்கு. பால் பதம் வர வேண்டும். கெட்டியாக ஒரே கோட்டிங் அடித்தால் ஏடு ஏடாக உரியும். மெலிதாக நான்கைந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். அடிக்கும் முன் சுவரில் தண்ணீர் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது, பச்சைக்கல் கரைந்துவிடும். வெயில் படும் பக்கத்தைக் கீற்றுத் தட்டியால் மறையுங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகுகிறது. அதற்கு ஈரமும் வேண்டும். அவசரமாகக் காய்ந்தால் கையில் மாவாக ஒட்டும். வெள்ளை நன்றாகப் பிடிக்கட்டும் என்று சிலர் கல்லுப்பு சேர்ப்பார்கள். இந்த ஊரில் அதை மட்டும் செய்யவிடாதீர்கள்.

காரணம் கீழ்ச்சுவரில் இருக்கிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம் உப்பையும் தூக்கி வருகிறது. சாப்பாட்டு உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் கரையும், இறங்கினால் படிகமாகும். கடலோரத்தில் ஈரப்பதம் அந்த எல்லையை அடிக்கடி கடப்பதால், துளைக்குள் உப்பு கரைந்து கரைந்து இறுகி மண்ணை நெம்பித் தள்ளுகிறது. இங்கே தேவை பலிப்பூச்சு, அதாவது சுவருக்குப் பதிலாகத் தான் அழியும் மண்பூச்சு: களிமண் தன்மையுள்ள மண் ஒரு பங்கு, மணல் இரண்டரைப் பங்கு, நறுக்கிய வைக்கோல், ஒரு வாரம் புளிக்கவைத்து, பூத்த உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் பூச வேண்டும். உப்பு கல்லை விட்டு இந்தப் பூச்சில் வந்து பூக்கும். உதிர்ந்தால் சுரண்டிப் புதிதாகப் பூசலாம். மண்ணுக்கு மண் மாறுபடும் என்பதால், ஓரடிச் சதுரத்தில் பூசிப் பாருங்கள். வெடித்தால் மணலைக் கூட்டுங்கள், உதிர்ந்தால் குறையுங்கள்.

பக்கத்து அலமாரியில் இருக்கும் அக்ரிலிக் வாட்டர்ப்ரூஃப் வாளிக்குப் பூஜ்ஜியம்தான் தர முடியும். முதல் மழைக்கு அருமையாகத் தெரியும். உள்ளே ஏறிய ஓதம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரம் ஏறும், பிறகு தோலோடு ஒரு அங்குல மண்ணும் பெயரும். சிமென்ட் பூச்சும் அதே வேலையைத்தான் செய்யும். சிலிகோன் ஸ்ப்ரே ஆவியை விடும் என்பது உண்மை. ஆனால் உப்பு அந்தத் தோலுக்குப் பின்னால் இறுகும்.

பழைய சுவர்கள் இந்த ஊரில் நிலைக்கும் என்பதற்குப் புதுச்சேரி அருகிலுள்ள தொல்லியல் தலமான அரிக்கமேட்டை எடுத்துக்காட்டாகச் சொல்பவர்கள் உண்டு. 1945-இல் தொல்லியலாளர் வீலர் அங்கே அகழ்ந்து கண்ட கட்டடங்கள் சுட்ட செங்கல்லால் ஆனவை. அந்தக் கணக்கு வேறு. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கும் எதிலும் நாமாகக் கரணை வைக்கவும் கூடாது.

வாளி வாங்கும் முன் கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள். ஃபெஞ்சல் புயலில், 2024 நவம்பர் கடைசியில், புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது; சுவரடியில் தண்ணீர் தேங்கினால் எந்தப் பூச்சும் நிற்காது. இறவாரம் இரண்டடி நீளட்டும், தரை நாற்பதுக்கு ஒன்று வெளிப்புறம் சரியட்டும். வடிகாலைச் சுவரை ஒட்டித் தோண்டாமல் தள்ளித் தோண்டுங்கள், அஸ்திவாரத்தைவிட ஆழமாகப் போகாதீர்கள். மண்பூச்சு மாசி, பங்குனியில். சுண்ணாம்பு ஆவணிக்குள் முடிந்திருக்க வேண்டும். ஐப்பசியில் வாங்கிய வாளியைத் தண்ணீர் நிரப்பி மூடி நிழலில் வையுங்கள், தைக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம், கெடாது.