பழைய கம்ப்யூட்டரா, பிளேஸ்டேஷனா, புதுப் பெட்டியா: கேம் ஆட எதில் காசு போடலாம்?

கொங்குப் பக்கம் நிறைய வீடுகளில் 2013, 2014 வாக்கில் வாங்கிய டெஸ்க்டாப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர், எச்81 மதர்போர்டு, 4 அல்லது 8 ஜிபி டிடிஆர்3 ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க். கேம் காட்சிகளைத் திரைக்கு வரைந்து கொடுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. பகலில் அப்பா அதில் நூல் கணக்கும் ஜிஎஸ்டி பில்லும் போடுவார், சாயங்காலம் பையன் உட்காருவான். இதிலேயே புது கேம் ஓடுமா, வேறு வாங்க வேண்டுமா என்று கேட்பதும் அந்தப் பையன்தான்.

நான் ஒரே ஒரு கணக்கைத்தான் பார்ப்பேன். பழைய பெட்டியில் போடுகிற காசு, நாளைக்கு வாங்கும் புதுப் பெட்டிக்கும் கூடவே வர வேண்டும். எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலான, சுழலாத வேகமான டிஸ்க்) வரும், கிராபிக்ஸ் கார்டு வரும், நல்ல எஸ்எம்பிஎஸ் (பெட்டிக்குள் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை) வரும். டிடிஆர்3 ராம் வராது, பழைய பிராசசர் வராது.

அதற்கு முன்னால் என்ன கேம் ஆடப் போகிறோம் என்று தெளிவாகிவிட வேண்டும். வேலரன்ட் நொடிக்கு 60 ஃபிரேமில் ஓட அந்தக் கம்பெனியே சொல்வது ஐ3-4150 பிராசசரும் ஜிடி 730 கார்டும்தான். 2015-இல் கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5-க்குப் பரிந்துரை ஐ5-3470, ஜிடிஎக்ஸ் 660. இவையெல்லாம் பழைய பெட்டிக்கு எட்டும் தூரம். சைபர்பங்க் 2077 வேறு கதை. 2023-இல் வந்த பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அது குறைந்தபட்சமாகவே ஐ7-6700, 12 ஜிபி ராம், 6 ஜிபி ஜிடிஎக்ஸ் 1060, எஸ்எஸ்டி எல்லாம் கேட்கிறது. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் கேமுக்கு ரே டிரேசிங் (ஒளியும் நிழலும் நிஜம் போலத் தெரியக் கணக்குப் போடும்) வசதி உள்ள கார்டு கட்டாயம். அந்த மாதிரி கேமுக்காகப் பழைய பெட்டியில் எவ்வளவு செலவு செய்தாலும் வீண்தான்.

சரி, பழைய பெட்டியையே தேற்றுவது என்று முடிவெடுத்தால், கடைக்குப் போகும் முன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். சோமனூரில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் தறிக்கூடத்தை ஒட்டிய அறையில் இருக்கிறது. “மாமா, பத்து நிமிஷம் நல்லா ஓடுதுங்க, அப்புறம் திக்கித் திக்கி நிக்குதுங்க” என்றான் அக்கா பையன். மூடியைக் கழற்றினால், பிராசசர் மேலிருக்கும் ஃபேனுக்கும், சூட்டை இழுத்து வெளியேற்றும் ஹீட்சிங்குக்கும் நடுவில் பஞ்சு படிந்து கம்பளி மாதிரி கெட்டியாகியிருந்தது. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் ஒரே படலமாகக் கையோடு வந்தது. காற்று போக வழியில்லாமல் சூடேறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும், கேம் திக்குவது அதனால்தான். பிரஷ், ஊதுகுழாய், பிராசசர் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் புதுத் தெர்மல் பேஸ்ட், அவ்வளவோடு அந்தத் திக்கல் போய்விட்டது. பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓடும் வீடுகளில் இதைச் செய்து பார்க்காமல் எந்தக் கார்டும் வாங்காதீர்கள்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ். என் அனுபவத்தில் எல்லாரும் கோட்டை விடும் இடம் இதுதான். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் பெரிதாக 450 வாட் என்று போட்டிருக்கும். அதை விட்டுவிட்டு, கீழே பெட்டிப் பெட்டியாக இருக்கும் அட்டவணையில் +12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 15 ஆம்பியர் என்றிருந்தால் 12 × 15 = 180 வாட்தான். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டில் இருந்து. ஐ5-4460-க்கு 84 வாட், கார்டுக்கு 75 வாட் என்றாலே 159 ஆகிவிடுகிறது. தறி மோட்டார் போடும்போது வோல்டேஜ் இறங்கும் ஊரில் இவ்வளவு நெருக்கத்தில் ஓட்டுவது ஆபத்து. நல்ல கம்பெனி எஸ்எம்பிஎஸ் ஒன்று வாங்கிவிடுங்கள், அது புதுப் பெட்டிக்கும் வரும். வீட்டில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் வரைதான் தாங்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

கார்டுகளில் என் ஓட்டு ஜிடிஎக்ஸ் 1650-க்கு. 75 வாட், தனி பவர் கேபிள் தேவைப்படாத மாடல்கள் உண்டு, 4 ஜிபி மெமரி. அதற்குப் போட்டியாகக் கடையில் எடுத்துக் காட்டுவது மூன்று. 1050 டிஐ-யும் 75 வாட்தான், விலையும் குறைவு. ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை), அதைத் தயாரிக்கும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது, இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். ஆர்எக்ஸ் 580 இரண்டையும் விட வேகம், 8 ஜிபி மெமரி வேறு. ஆனால் 185 வாட் இழுக்கும், கிரிப்டோ மைனிங்கில் வருஷக்கணக்கில் வெந்து வந்த கார்டாகவும் இருக்கலாம். கோவை காந்திபுரத்தில் செகண்ட்ஸ் வாங்குவதானால் கடையிலேயே அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். மூன்றாவது ஆர்எக்ஸ் 6400. 53 வாட்தான், பார்க்க ஆசையாக இருக்கும். அதற்கு போர்டோடு பேச நான்கு பிசிஐஇ பாதைதான் உண்டு, எச்81 போர்டு அந்தப் பாதையில் பேசுவதோ பழைய 2.0 வேகம். கார்டின் பலம் பாதி வழியிலேயே போய்விடும்.

பழைய போர்டிலும் ஹார்ட் டிஸ்க் கேபிளில் மாட்டும் சாட்டா எஸ்எஸ்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேமுக்கு மட்டுமல்ல, பில் போடுகிறவருக்கும் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். ராம் 4 ஜிபிதான் இருக்கிறது என்றால் செகண்ட்ஸில் ஒரு ஸ்டிக் சேர்க்கலாம், புதிதாக வாங்க வேண்டாம். எவ்வளவு செய்தாலும் அந்த ஐ5-இல் இருப்பது நான்கு திரெட்தான், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் பார்க்கும். கூட்டமான தெருக்களில் வண்டி ஓட்டும் காட்சி வந்தால் கார்டு சும்மா இருக்க, பிராசசர் திணறும். இன்னொன்று, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது எட்டாம் தலைமுறை இன்டெல்லையும் அதற்கு மேலும்தான்.

இனி கன்சோல், டிவியில் மாட்டி கேம் ஆடும் பெட்டி. பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) செகண்ட்ஸில் கிடைக்கிறது, ஈஏ எஃப்சி 26 கால்பந்து கேம் கூட அதற்கு வந்திருக்கிறது. கால்பந்து மட்டும் ஆடும் வீட்டுக்கு, டிவி முன்னால் அண்ணன் தம்பி இரண்டு பேர் உட்கார்ந்து ஆட, இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஜிடிஏ 6-க்காகக் காத்திருப்பவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். அது பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் என்றுதான் அறிவிக்கப்பட்டது. அதை நினைத்துக் கம்ப்யூட்டரில் காசு போடுவதில் அர்த்தமில்லை. 2020-இல் 34,990 ரூபாய்க்கு இந்தியாவில் வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், புதுத் தலைமுறைக்குள் நுழையக் குறைந்த செலவுள்ள வழியாக இருந்தது. ஆனால் அதில் டிஸ்க் போட முடியாது. எல்லாவற்றையும் டவுன்லோடு செய்ய வேண்டும், 40 எம்பிபிஎஸ் இணைப்பில் 100 ஜிபி கேம் இறங்க ஐந்தரை மணி நேரம் ஆகும். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் நண்பர்களோடு ஆடத் தனிச் சந்தாவும் கட்ட வேண்டும். கம்ப்யூட்டரில் பெரும்பாலும் அந்தச் செலவு இல்லை. இந்தச் சந்தாவை யாரும் வாங்கும்போது கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்த்துப் பாருங்கள்.

கேமிங் லேப்டாப்பை நான் ஹாஸ்டலுக்குப் போகிற பிள்ளைக்கு மட்டுமே சொல்வேன். கரூர், ஈரோட்டுச் சித்திரை வெயிலில் ஏசி இல்லாத அறையில் அது படும் பாடு பெரிது. கார்டையும் மாற்ற முடியாது.

புது டெஸ்க்டாப் வாங்குவதானால், 2025 கடைசியில் இருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். அதனால் அவசரம் இல்லாதவர்கள் பழைய பெட்டியை மேலே சொன்னபடி தேற்றி ஓட்டலாம். வாங்கும் நாள் வந்தால் எஸ்எஸ்டி, 1650, எஸ்எம்பிஎஸ் மூன்றும் கையில் இருக்கும். ரைசன் 5 5600 பிராசசர், பி550 போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஒரு கேபினெட், இவற்றுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும். ஆறு கோர், பன்னிரண்டு திரெட், விண்டோஸ் 11-க்கும் தடையில்லை. தீபாவளி போனஸோ வேறு காசோ வரும்போது 1650-ஐ விற்றுவிட்டு ரே டிரேசிங் வசதியோடு 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் கார்டு ஒன்றைப் போட்டால், டூம் அந்தப் பெட்டியில் ஓடும்.