லைசென்ஸ் இல்லாமல் 19 நாள்: அயோவாவில் என் கோடை

ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் சிகாகோவில் கூடப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் தென்காசி என்றுதான் நினைப்பார்கள். தென்காசியை விட்டு வந்தபோது எனக்கு 11 வயது, 2016. இப்போது எனக்கு ஊர் என்றால் அயோவா மாநிலத்தின் தென்மேற்கில், மக்காச்சோளத்துக்கும் சோயாவுக்கும் நடுவே, இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிற ஒரு டவுன்தான்.

அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் டாக்டர். ஜே-1 விசாவில் வந்து பயிற்சி முடிக்கும் வெளிநாட்டு டாக்டர்கள் இரண்டு வருஷம் தாய்நாடு திரும்பியாக வேண்டும். டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருஷம் வேலை பார்க்கிறேன் என்றால் அதிலிருந்து விலக்கு உண்டு. 1994இல் வந்த ஏற்பாடு. இப்போது மாநிலத்துக்கு வருஷம் 30 பேர். அப்பாவும் மூன்று வருஷத்துக்கு என்று சொல்லித்தான் வந்தார். ஒன்பது ஆகிவிட்டது.

இந்த 2025 கோடையில் ஊரில் எந்தெந்த வசதி எப்படி இருந்தது என்று எழுதுகிறேன். என்னைப்போல் அப்பா வேலைக்காகச் சோளக்காட்டுக்கு வந்து சேர்ந்த வேறு யாருக்காவது உதவலாம்.

போய்ச் சேர்வதில் கஷ்டமில்லை. சிகாகோ யூனியன் ஸ்டேஷனில் மதியம் 2 மணிக்குக் கிளம்பும் கலிபோர்னியா செஃபர், பர்லிங்டனில் மிசிசிப்பியைத் தாண்டி, இருட்டுவதற்குள் கிரெஸ்டனில் இறக்கிவிட்டது. 1899இல் கட்டிய ஸ்டேஷன், ஒரு கல்யாண மண்டபம் அளவு பெரிசு. இறங்கியது நாலு பேர். அங்கிருந்து எங்கள் ஊர் 40 மைல். பஸ் இல்லை, டாக்ஸி இல்லை, ஊபர் ஆப்பைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு அன்று டியூட்டி. ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அம்மணி ஒருவர் வண்டியோடு நின்றார். பெட்ரோல் காசு வாங்கவில்லை, முறுக்கு டப்பாவை வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் டப்பா எங்கள் வாசலில், உள்ளே ருபார்ப் கேக்கோடு இருந்தது.

என் லைசென்ஸ் பிப்ரவரியிலேயே முடிந்துபோயிருந்தது. நாங்கள் இன்னும் அப்பாவின் வேலை விசாவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கும் எச்-4 ஆட்கள். விசா எதுவரையோ லைசென்ஸும் அதுவரைதான். அப்பாவுக்கு நீட்டிப்புக் கடிதம் மே மாதம்தான் வந்தது. சிகாகோவில் ரயில் இருப்பதால் எனக்கு அது உறைக்கவே இல்லை.

இங்கே ஆர்.டி.ஓ. ஆபீஸ் என்று தனியாகத் தேட வேண்டாம். அயோவாவின் 99 கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) பெரும்பாலானவற்றில், சொத்துவரி வாங்கும் ட்ரெஷரர் ஆபீஸிலேயே லைசென்ஸும் தருவார்கள். கவுண்டி ஆபீஸ்கள் இருக்கிற எங்கள் கோர்ட் ஹவுஸில் அதற்கு ஒரே கவுண்டர், ஒரே அம்மா. 14 வயதில் எனக்கு முதல் பெர்மிட் போட்டுக் கொடுத்ததும் அவர்தான். (14 வயசா என்று கேட்காதீர்கள். பண்ணைப் பிள்ளைகள் வேறு எப்படிப் பள்ளிக்கூடம் போவது?) கண் பரிசோதனைப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து எழுத்தைப் படித்தேன். காகிதங்களை வாங்கி அடுக்கினார், தட்டினார், திரும்பத் தட்டினார். பிறகு "ஓப்" என்றார். நம் "அடடா"வுக்கும் "ஐயையோ"வுக்கும் நடுவில் இந்தப் பக்கத்து ஜனங்கள் போடுகிற சத்தம் அது. வழியில் இடித்தாலும் ஓப், பால் கொட்டினாலும் ஓப்.

வெளிநாட்டவர் காகிதத்தைக் குடியேற்றத் துறையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் 'சேவ்' என்கிற சிஸ்டம் என்னைக் 'கூடுதல் சரிபார்ப்பு' என்று நிறுத்திவைத்துவிட்டது. "உன்னை எனக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியமாட்டேங்குது" என்றார் அந்த அம்மா. கோபமே வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனால் கவுண்டரில் செல்லோ டேப் ஒட்டிய காகிதம்: லைசென்ஸ் வேலை அடுத்த திங்கள்தான். அவர் பேத்தியோடு மீன்பிடிக்க மினசோட்டா போயிருந்தார். கோபம் அப்போது வந்தது. ஆனால் யாரைத் திட்டுவது? வருஷம் முழுக்க ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவர் ஒரு வாரம் லீவு எடுத்தால், அந்த வாரம் கவுண்டியே லீவு.

இப்படியாக, வாழ்க்கையில் முதல்முறையாக எங்கள் ஊர்ப் பொது வேனில் ஏறினேன். 99 கவுண்டிகளையும் 16 வட்டாரமாகப் பிரித்து இதை ஓட்டுகிறார்கள். முதியோருக்கு மட்டும் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன், தப்பு, யாரும் ஏறலாம். முந்தின நாளே போன் செய்து சொல்ல வேண்டும். 12 மைல் தள்ளியிருக்கும் பல் டாக்டரிடம் போக எனக்கு ஒரு மணி பத்து நிமிஷம் ஆனது. வழியில் டயாலிசிஸுக்குப் போகும் பெரியவர் ஒருவரை ஏற்றினோம், ஒரு பாட்டியைத் தலைமுடி செட் பண்ணும் கடையில் இறக்கினோம். சக்கர நாற்காலி லிஃப்ட் இறங்கி ஏற நேரம் பிடிக்கும். அவசரமில்லை என்றால் நல்ல வசதி, டிரைவருக்கு எல்லார் வீட்டுக் கதையும் தெரியும்.

தென்காசிக்குப் போனில் இதைச் சொன்னால் ஆச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, அமெரிக்காவுல ஒரு மினி பஸ் கூடவா கிடையாது? இங்க குத்தாலத்துக்கு வரிசையா போகுது, சாரல் வேற." சாரலைச் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பினாள். இங்கே ஜூலையில் சோளப்பயிரே வியர்க்கும். இலைகள் வெளிவிடும் ஈரமெல்லாம் காற்றில் நிற்க, காலை எட்டு மணிக்கே மூக்குக்கண்ணாடி மங்கிவிடும்.

கூடப் படித்த பிள்ளைகள் ஜூலையில் விதைச்சோள வயலுக்குப் போய்க் கதிர்க்குஞ்சம் பறிப்பார்கள். பெண் வரிசைகளில் உச்சிக் குஞ்சத்தைப் பறித்துவிட்டால் பக்கத்து ஆண் வரிசையின் மகரந்தம்தான் விழும். கலப்பின விதை அப்படித்தான் வருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு முதல் சம்பளம் பெரும்பாலும் இதில்தான். எச்-4 பிள்ளை சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது என்பதால் நான் ஒருநாளும் போனதில்லை. அதனால் வழக்கம்போல நூலகத்தில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தேன். எங்கள் ஊரில் குறை சொல்லவே முடியாத இடம் அதுதான். ஏசி, வைஃபை, சின்னப் பிள்ளைகளுக்குக் கோடை வாசிப்பு. புத்தகம் மாதிரியே கேக் அச்சும் தூண்டிலும் கடன் கொடுப்பார்கள். அம்மா ஒரு இட்லித் தட்டைக் கொடுத்துவைத்திருக்கிறாள். இதுவரை ஒரே ஒருவர் எடுத்துப்போயிருக்கிறார், முட்டை அவிக்க.

இணையம் பிரமாதம். ஊர் டெலிபோன் கூட்டுறவுச் சங்கம் வீட்டுக்கு வீடு ஃபைபர் இழுத்திருக்கிறது. என் சிகாகோ ரூமைவிட வேகம். மருந்துக்கடைதான் விசித்திரம். ஊரில் இருந்த மருந்தாளர் ஓய்வு பெற்றபின் ஆள் கிடைக்கவில்லை. இப்போது கவுண்டரில் உதவியாளர் மட்டும் இருப்பார். மாத்திரையை எண்ணிப் புட்டியைக் கேமராவுக்குக் காட்ட, வேறு ஊரிலிருக்கும் மருந்தாளர் திரையில் பார்த்துச் சரி என்பார். அம்மாவின் தைராய்டு மாத்திரைக்கு நானும் அந்தத் திரைக்கு முன் நின்றேன். அவர் பொறுமையாகப் பேசினார். எனக்குப் பின்னால் நின்ற மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை நடுவில் ஒரு ராத்திரி, பக்கத்து வீட்டுப் பாட்டி குளியலறையில் விழுந்துவிட்டார். அப்பா அவர் தலையைப் பிடித்திருக்க, நான் 911 கூப்பிட்டேன். 14 நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கியது ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவரும் எனக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்த டீச்சரும். டீச்சர் பைஜாமாவுக்கு மேலே ஒளிரும் சட்டை போட்டிருந்தார். எல்லாரும் தொண்டர்கள், பேஜர் அடித்தால் படுக்கையிலிருந்து எழுந்து வருகிறவர்கள். போலீஸ், தீயணைப்பு மாதிரி ஆம்புலன்ஸ் இங்கே சட்டப்படி கட்டாயச் சேவை இல்லை. கவுண்டி அதை அத்தியாவசியம் என்று அறிவித்து, ஜனங்களும் ஓட்டுப் போட்டு ஒத்துக்கொண்டால் வரி போடலாம் என்று அயோவாவில் சட்டம் வந்ததே 2021இல்தான். பாட்டியின் காலை அசைக்காமல் பலகையில் ஏற்றும்போது டீச்சர் என்னிடம், "ஒன்று, இரண்டு, மூன்று சொன்னதும் தூக்கு. மூன்றில் இல்லை, மூன்றுக்கு அப்புறம்" என்றார். வகுப்பிலும் அதே குரல்தான்.

இடுப்பெலும்பு முறிவு. அப்பாவின் ஆஸ்பத்திரி 'கிரிட்டிக்கல் ஆக்சஸ்' வகை. 1997இல் மத்திய அரசு சிற்றூர் ஆஸ்பத்திரிகளுக்காகக் கொண்டுவந்த ஏற்பாடு. அதிகபட்சம் 25 படுக்கை, நோயாளிகள் தங்குவது சராசரியாக 96 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். எலும்பு டாக்டர் மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை வெளியூரிலிருந்து வருவார். அன்று செவ்வாய். பாட்டியை மாநிலத் தலைநகர் டெ மாயினுக்குக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸ் திரும்பும்வரை, ஏறக்குறைய நாலு மணி நேரம், ஊரில் ஆம்புலன்ஸ் இல்லை. போன வருஷம் மே 21 அன்று சூறாவளி இதே தென்மேற்கு அயோவாவில் இருக்கும் கிரீன்ஃபீல்ட் என்ற ஊரை அடித்தபோது அங்கே இருந்த ஆஸ்பத்திரியும் சேதமாகி, நோயாளிகளை வேறு ஊர்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதிலிருந்து அம்மா, சோதனைக்குச் சைரன் அடித்தாலும் கீழ்த்தளத்துப் படிக்கட்டு வரைக்கும் போய் நின்றுவிட்டுத்தான் வருகிறாள்.

திங்கட்கிழமை கோர்ட் ஹவுஸுக்கு மறுபடியும் வேனில் போனேன். அந்த அம்மா முகம் வெயிலில் சிவந்திருந்தது. பேத்தி பிடித்த மீனின் போட்டோவை முதலில் காட்டினார், பிறகுதான் கம்ப்யூட்டரைப் பார்த்தார். சரிபார்ப்பு முடிந்திருந்தது. தற்காலிகக் காகிதத்தை அச்சடித்துக் கொடுத்தார். அட்டை தபாலில் வரும். காகிதத்தில் முடிவுத் தேதி 2026 மார்ச்சில், என் பிறந்தநாள். 21 ஆனதும் எச்-4 போய்விடும். கிரீன் கார்டுக்கு அப்பா நிற்கும் வரிசையில் இந்தக் கோடையில் 2013 ஜனவரிக்கு முன் விண்ணப்பித்த இந்தியர்களுக்குத்தான் முறை வந்திருக்கிறது. எனக்கு 21 ஆவதற்குள் எங்கள் முறை வராது. நான் வேறு விசாவுக்கு மாறி, வெளிநாட்டு மாணவியாகத்தான் இந்த ஊருக்கு அடுத்த தடவை வர வேண்டும்.

தேதியை நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனித்துவிட்டார்.

"பயப்படாதே, தப்பா அடிக்கல. இங்க எல்லார் லைசென்ஸும் பிறந்தநாளன்னைக்குத்தான் முடியும்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, வேனுக்குப் போன் செய்ய வெளியே வந்தேன். அப்புறம்தான் கையில் லைசென்ஸ் இருப்பது ஞாபகம் வந்தது. காரைத்தான் வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன்.