பயன்படுத்திய ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 10: எதைப் பார்த்து வாங்குவது

பழைய ரிவால்வர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மேல்பூச்சைத்தான். மாடல் 10 வாங்கும்போது அதைக் கடைசியில் பார்த்தால் போதும். குழல் முனையில் ப்ளூயிங் தேய்ந்து வெள்ளை இரும்பு தெரியும், மரப்பிடியில் எதிலோ இடித்த தழும்பு இருக்கும், ஆனால் உள்ளே இயந்திரம் புதிதாக வந்த நாள் போலவே வேலை செய்யும். அமெரிக்கப் போலீஸ் துறைகளில் இந்தத் துப்பாக்கி பெரும்பாலும் இடுப்பில் தொங்கியதே தவிர, தகுதித் தேர்வு நாட்களைத் தாண்டி அதிகம் சுடப்படவில்லை. தோல் உறை வெளிப்பூச்சை அரித்தது, அவ்வளவுதான். மாறாக, கண்ணாடி போல மின்னும் பழைய துப்பாக்கியைச் சந்தேகத்தோடு பாருங்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருந்தாலோ, திருகுத் துளையைச் சுற்றி லேசாகக் குழி விழுந்திருந்தாலோ, யாரோ பாலிஷ் சக்கரத்தில் பிடித்து மறுபூச்சு போட்டிருக்கிறார்கள். துருக்குழிகளை மறைக்கத்தான் பெரும்பாலும் அந்த வேலை நடக்கிறது.

இதன் மூலவடிவம் 1899இல் ‘மிலிட்டரி அண்ட் போலீஸ்’ என்ற பெயரில் வந்தது. 1957இல் கம்பெனி தன் துப்பாக்கிகளுக்கு எண் கொடுத்தபோது மாடல் 10 ஆனது. எல்லா வடிவங்களையும் சேர்த்தால் 60 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். .38 ஸ்பெஷல் தோட்டா ஆறு, நடுத்தர அளவு உடற்சட்டமான கே ஃபிரேம், குறி பார்க்க மேலே வெட்டிய ஒரு பள்ளமே பின் சைட், குழலோடு சேர்ந்த முன் சைட். திருகித் திருத்த ஒன்றும் கிடையாது, உடைந்து விழவும் ஒன்றும் கிடையாது. 4 அங்குலக் குழலே அதிகம் கிடைக்கும். ஒல்லிக் குழல் என்றால் எடை சுமார் 900 கிராம், கனத்த குழல் என்றால் ஒரு கிலோவை ஒட்டி வரும்.

1982 வரை செய்தவற்றில் குழலை ஃபிரேமோடு பிணைக்க ஒரு சிறு பின் குறுக்கே அடிக்கப்பட்டிருக்கும். 1990களின் பிற்பகுதி வரை தோட்டாவின் அடியைக் குத்தும் ஃபயரிங் பின், பின்னாலுள்ள சுத்தியான ஹேமரிலேயே இருந்தது, பிறகு ஃபிரேமுக்குள் போனது. 2000களில் இடப்பக்கம், தோட்டா அறைகள் உள்ள சிலிண்டரைத் திறக்கும் கட்டைக்கு மேலே உள்பூட்டின் சாவித்துளை வந்தது. நல்ல விலையில் அமைந்தால் 1960களிலிருந்து 1980கள் வரையிலானதை எடுங்கள். பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, அந்தக் காலத்து ட்ரிகரின் வழுவழுப்பும் தனி.

உரிமமும் பதிவும் அவரவர் நாட்டுச் சட்டப்படி முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். துப்பாக்கி கைக்கு வந்ததும் குழலைப் பாதுகாப்பான பக்கம் திருப்பி, சிலிண்டரைத் திறந்து, ஆறு அறைகளும் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். வெறும் துப்பாக்கியில் ட்ரிகர் இழுக்கலாமா என்று விற்பவரிடம் கேளுங்கள். இந்த வகை ரிவால்வருக்கு அதனால் கெடுதல் இல்லை. அப்படியும் இழுத்துப் பார்க்க விடமாட்டேன் என்றால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம்.

முதல் சோதனை டைமிங், அதாவது ஒவ்வொரு அறையும் நேரத்துக்குக் குழலுக்கு நேராக வந்து பூட்டுகிறதா என்பது. சிலிண்டரை மூடி, அதன்மேல் ஒரு விரலை லேசாக வைத்து இழுபிடி கொடுத்தபடி, ஹேமரை மிக மெதுவாகப் பின்னால் இழுக்க வேண்டும். ஹேமர் கடைசி நிலையில் நிற்பதற்குள் சிலிண்டரைப் பூட்டும் சிறு நாக்கான சிலிண்டர் ஸ்டாப் அதன் காடியில் ‘டக்’கென்று விழுந்திருக்க வேண்டும். ஹேமர் நின்றுவிட்டது, சிலிண்டரோ இன்னும் ஒரு இம்மி சுற்ற வேண்டியிருக்கிறது என்றால் அந்த அறைக்கு டைமிங் பின்தங்கிவிட்டது. ஆறு அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள். ஐந்து சரியாக இருந்து ஒன்று மட்டும் பிந்துவது சாதாரணம். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் வேகத்திலேயே போய்ப் பூட்டிக்கொள்ளும், குறை தெரியாது. விற்பவர் ‘டக் டக்’கென்று இழுத்துக் காட்டுவதை நம்ப வேண்டாம். சிலிண்டரைச் சுற்றும் ஹேண்ட் தேய்ந்தாலோ, அது தள்ளும் ராட்செட் பல் மழுங்கினாலோ இப்படி ஆகும். சற்று அகலமான புதிய ஹேண்ட் பொருத்தினால் பெரும்பாலும் தீரும். ஆனால் அதை அரத்தில் தேய்த்துப் பொருத்தத் தெரிந்த கை வேண்டும்.

அடுத்தது ஆட்டம். ட்ரிகரை முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு சிலிண்டரைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மயிரளவு ஆட்டம் இருப்பது ஸ்மித்தின் இயல்பு, பயப்பட வேண்டாம். முன்னும் பின்னுமான ஆட்டம்தான் முக்கியம். சிலிண்டரைப் பின்னால் தள்ளிப் பிடித்து, அதற்கும் குழலுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளால் அளக்க வேண்டும். பிறகு முன்னால் தள்ளி அளக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே எண்ட்ஷேக். 0.002, 0.003 அங்குலம் வரை கவலையில்லை. 0.005ஐத் தாண்டினால் ஒவ்வொரு வெடிக்கும் சிலிண்டர் ஃபிரேமை இடித்துத் தேய்மானத்தைப் பெருக்கிக்கொண்டே போகும்.

பலர் கோட்டை விடுவது இதற்கடுத்த கணக்கில். எண்ட்ஷேக்கைச் சரிசெய்ய 0.002 அங்குல வாஷர்கள் உண்டு, சுலபமான வேலை. ஆனால் வாஷர் போட்டதும் சிலிண்டர் பின்பக்கமே நின்றுவிடும். அதாவது, பின்னால் தள்ளி அளந்த பெரிய இடைவெளிதான் இனி நிரந்தரம். அந்த எண் 0.006க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 0.010 வரை ஒத்துக்கொள்ளலாம். 0.012ஐத் தாண்டிவிட்டால் குழலைக் கழற்றி ஒரு சுற்று உள்ளே தள்ளிப் பொருத்த வேண்டும். இந்த விலைத் துப்பாக்கிக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது, வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மறுபக்கம், 0.003க்குக் கீழே இருந்தாலும் தொல்லை. ஈயத் தோட்டா சில பெட்டி சுட்டதும் கரி அடைத்துச் சிலிண்டர் இறுகும்.

குழலுக்குள் விளக்கடித்துப் பாருங்கள். அழுக்கும் ஈயப் படிவும் சுத்தம் செய்தால் போகும். பளபளப்பான குழலில் ஒரே இடத்தில் கருவளையம் போல ஒரு நிழல் தெரிந்தால் அது அழுக்கல்ல. மருந்து போதாத தோட்டா உள்ளே சிக்கி, அதன்மேல் அடுத்ததைச் சுட்டதால் குழல் வீங்கிய இடம். வெளியே விரலை ஓட்டினால் சில நேரம் கைக்கே தட்டுப்படும். குழல் சிலிண்டரைப் பார்க்கும் வாயில், அதாவது ஃபோர்சிங் கோனில், ஆறு மணி நிலையில் வெடிப்பு உண்டா என்றும் பாருங்கள். .38 ஸ்பெஷல் அழுத்தத்தில் அது அபூர்வம். ஆனால் இதே கே ஃபிரேமில் .357 மேக்னம் சுடும் மாடல் 13 அல்லது 19 உங்கள் கண்ணில் பட்டால் இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள். அந்த இடத்தில் குழல் தட்டையாகச் சீவப்பட்டு மெலிந்திருக்கும், வேகமான, 125 கிரெயின் எடையுள்ள தோட்டாக்கள் அங்கேதான் உடைக்கும்.

இனி, யாராவது உள்ளே கை வைத்திருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். வலப்பக்கத் தகட்டின் திருகுத் தலைகள் சாட்சி சொல்லும். காடி கிழிந்திருந்தால் பொருந்தாத ஸ்க்ரூடிரைவர் போட்டவர் உள்ளே போயிருக்கிறார். தகட்டின் விளிம்பில் நெம்பிய வடு இருந்தால் இன்னும் மோசம். அந்தத் தகட்டை நெம்பவே கூடாது. திருகுகளை எடுத்துவிட்டுப் பிடிச்சட்டத்தை மரக் கைப்பிடியால் தட்டினால் தானாக எழும்பும். திருகுகளையும் இடம் மாற்றக் கூடாது, சிலிண்டரைத் தாங்கும் யோக்கைப் பிடிக்கும் முன் திருகு அதற்கென்றே பொருத்தப்பட்டது.

ட்ரிகர் வியக்கும்படி லேசாக இருக்கிறதா? மகிழ்வதற்கு முன் பிடியின் முன்விளிம்பில் கீழே இருக்கும் ஸ்ட்ரெயின் திருகைப் பாருங்கள். மெயின் ஸ்பிரிங்கை இறுக்கும் திருகு அது. முழுக்க உள்ளே இறங்கியிருக்க வேண்டும். பாதி சுற்று தளர்த்தினாலே ட்ரிகர் இலகுவாகும், கூடவே சில தோட்டாக்கள் வெடிக்காமல் போகும். தொழிற்சாலை இறுக்கத்தில் டபுள் ஆக்‌ஷனுக்கு, அதாவது ஹேமரைக் கையால் பின்னிழுக்காமல் ட்ரிகரை மட்டும் இழுத்துச் சுடுவதற்கு, 4½ முதல் 5½ கிலோ வரை விசை தேவைப்படும்.

ஹேமரைப் பின்னிழுத்து நிறுத்தி, ட்ரிகரைத் தொடாமல், கட்டைவிரலால் ஹேமரை முன்னால் அழுத்துங்கள். அது விழவே கூடாது. விழுந்தால் உள்ளே பிடிக்கும் விளிம்பை யாரோ தேய்த்துக் கெடுத்திருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கி ஆபத்தானது, பேரம் பேச வேண்டாம்.

காலிக் கூடுகளை வெளியே தள்ளும் கம்பியான எஜெக்டர் ராடை மறக்க வேண்டாம். சிலிண்டரைத் திறந்து சுற்றிவிட்டு ராடின் முனையை மட்டும் கவனியுங்கள். முனை வட்டமிட்டால் ராட் வளைந்திருக்கிறது. மூடிய நிலையில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ட்ரிகர் கனப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். சிலிண்டர் திறக்கவே அடம் பிடித்தால் ராட் தளர்ந்து முன்னால் நீண்டிருக்கும். 1960களின் தொடக்கத்தில் இதன் மரையை இடப்புறமாக மாற்றினார்கள், சிலிண்டர் சுற்றும் திசையில் தானாகக் கழன்று கொள்ளாமல் இருக்க. எது எந்த மரை என்று தெரியாமல் பலம் கொடுத்தால் முறிந்துவிடும். இறுக்கும்போது அறைகளில் காலித் தோட்டாக்கூடுகளைப் போட்டுக்கொண்டால், கூடுகளைத் தூக்கும் நட்சத்திரத் தகடு முறுக்கிக்கொள்ளாது.

அந்த நட்சத்திரத்துக்குக் கீழே தூரிகை போட்டுப் பார்ப்பதும் அவசியம். எரியாத மருந்துத் துகள் நாலைந்து அங்கே ஒட்டியிருந்தாலே சிலிண்டர் மூட மறுக்கும். பழுது என்று சொல்லி மலிவாகத் தள்ளிவிடப்படும் துப்பாக்கிகளில் சிலவற்றின் நோய் இவ்வளவுதான்.

இரண்டாம் உலகப் போர் காலத்து ‘விக்டரி’ வகையில் ஏமாற ஓர் இடம் இருக்கிறது. பிரிட்டனுக்குச் செய்தவை .38 ஸ்மித் அண்ட் வெஸன் என்ற அகலமான, குட்டையான தோட்டாவுக்கானவை. பிற்பாடு பலர் அவற்றின் அறைகளை ஆழப்படுத்தி .38 ஸ்பெஷல் நுழையும்படி செய்து விற்றார்கள். தோட்டா உள்ளே போகும், சுடவும் செய்யும், ஆனால் கூட்டின் அடிப்பகுதி உப்பும், சில வேளை பிளக்கும். குழலில் என்ன பொறித்திருக்கிறது என்று படியுங்கள், சுட்ட கூடு ஒன்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். 1944இன் இறுதிக்கு முன் வந்தவற்றில் ட்ரிகரை இழுக்காமல் ஹேமர் தோட்டாவைத் தட்டிவிடாதபடி தடுக்கும் இப்போதைய ஹேமர் பிளாக் தகடும் கிடையாது. சுடாமல் வைத்திருக்க அழகான பொருள், சுடுவதற்கு வேறு எடுங்கள்.

இத்தனையும் தேறிய துப்பாக்கியின் அருமை டபுள் ஆக்‌ஷனில்தான் தெரியும். ட்ரிகரை நிறுத்தாமல், ஒரே வேகத்தில், பின்னால் உருட்டுவது போல இழுக்க வேண்டும். பாதியில் சிலிண்டர் பூட்டும் ஒலி கேட்கும், அதன்பின் சிறிது தூரம் போனதும் ஹேமர் விழும். அந்த இரண்டாவது பாதியில் முன் சைட் நடுங்காமல் நின்றால் உங்கள் கை பழகிவிட்டது. வெறும் துப்பாக்கியில் ஒரு காலிக் கூட்டையோ நாணயத்தையோ முன் சைட்டின் மேல் வைத்து, விழாமல் இழுத்துப் பழகலாம். நல்ல மாடல் 10இல் இந்த ஓட்டம் முழுக்க எங்கும் முண்டு தட்டாது. விலை பல மடங்கான புதிய ரிவால்வர்களில் கூட இந்த மென்மை எப்போதும் கிடைப்பதில்லை.

சைட் நிரந்தரமானது என்பதால் தோட்டாதான் ஒத்துப்போக வேண்டும். 158 கிரெயின் ஈயத் தோட்டாவை, நொடிக்கு சுமார் 230 மீட்டர் வேகத்தில், மனத்தில் வைத்தே இதை அமைத்தார்கள். 110, 125 கிரெயின் தோட்டாக்கள் குறிக்குக் கீழே விழும். எடை குறைந்த தோட்டா சீக்கிரம் குழலை விட்டுப் போகிறது, பின்னுதைப்பு குழலை உயர்த்த நேரம் கிடைப்பதில்லை. எனவே முன் சைட்டைத் தேய்க்க அரத்தை எடுப்பதற்கு முன் தோட்டாவை மாற்றிப் பாருங்கள். இலக்குப் பயிற்சிக்கு 148 கிரெயின் வாட்கட்டர் என்ற தட்டை முனைத் தோட்டா அருமை. இடமோ வலமோ தொடர்ந்து விலகினால் குழலை இம்மி திருப்ப வேண்டும், அது பட்டறை வேலை. அழுத்தம் கூடிய ப்ளஸ் பி தோட்டாவை மாடல் எண் பொறிக்காத பழையவற்றில் போடாதீர்கள். எண் உள்ளதிலும் அதையே வழக்கமாக்க வேண்டிய தேவை இல்லை.

பிடி மட்டும் எனக்குப் பிடிக்காத ஒன்று. ட்ரிகர் கார்டுக்குப் பின்னே காலியாக விட்டிருப்பதால் நடுவிரல் முட்டியில் இடிக்கும். அந்த இடத்தை நிரப்பும் அடாப்டரோ ரப்பர் பிடியோ போட்டால் தீர்ந்தது. பழைய மரப்பிடியைத் தூக்கிப் போடாமல் வையுங்கள்.

இதே வரிசையில் கோல்ட் அஃபிஷியல் போலீஸ் உண்டு, 1927 முதல் 1969 வரை வந்தது. பூட்டு இன்னும் கெட்டி, ஆனால் டைமிங் போனால் அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் குறைவு. ரூகரின் சர்வீஸ் சிக்ஸ் இரண்டையும் விட முரட்டு உழைப்பாளி, ட்ரிகர் கொஞ்சம் சொரசொரப்பு. ஈரமும் வியர்வையும் அதிகமுள்ள இடத்தில் வைத்திருப்பவர், மாடல் 10இன் துருப்பிடிக்காத எஃகு வடிவமான மாடல் 64ஐத் தேடலாம்.

வாங்கிய பின் முதல் முறை சுடும்போது ஆறும் டபுள் ஆக்‌ஷனில் சுட்டு, கூடுகளை வரிசையாக வைத்து, கூட்டின் அடியில் தீப்பற்ற வைக்கும் பிரைமரில் விழுந்த குழிகளைப் பாருங்கள். ஆறும் ஒரே ஆழத்தில், நடுவில் இருக்க வேண்டும். ஒன்று ஓரம் தள்ளியிருந்தால் அந்த அறையின் டைமிங்கை மறுபடி சோதியுங்கள். எல்லாம் ஆழமில்லாமல் இருந்தால் ஸ்ட்ரெயின் திருகையும் எண்ட்ஷேக்கையும் பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் மேல் ஈயத் துணுக்கு தெறித்தால் சுடுவதை அங்கேயே நிறுத்தி, துப்பாக்கியைப் பட்டறைக்குக் கொண்டு போங்கள்.